கொப்புளக் குழிக்குள் ஒரு காலவரிசை

ஐ.நா. பல்கலைக்கழகத்தின் புவிவெப்பப் பயிற்சித் திட்டம் 1979-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் தொடங்கியது. அந்நாட்டின் எரிசக்தி ஆணையம் இடம் கொடுத்து நடத்திவந்தது. முதல் இயக்குநர் இங்வார் பிர்கிர் ஃப்ரித்லெய்ஃப்சன். வளரும் நாடுகளில் இத்துறையில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களை அழைத்து, ஆறு மாதம் உடன் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுப்பதுதான் ஏற்பாடு. கென்யாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் எல் சால்வடோரிலிருந்தும் வந்து படித்தவர்கள் ஊர் திரும்பித் தங்கள் புவிவெப்பப் பகுதிகளைத் தாங்களே ஆராய்ந்தார்கள்.

அங்கு சொல்லித்தரும் பாடங்களில் துளைக்கிணற்று நிலவியலுக்கே என் முதல் மரியாதை. துளை இறங்க இறங்க, இரண்டு மீட்டருக்கு ஒருமுறை மேலே வரும் கல்துகளை அலசி நுண்நோக்கியில் வைக்கிறார்கள். பசால்ட் துகளில் மிளகளவுகூட இல்லாத ஒரு கொப்புளக் குழி. அதன் விளிம்பில் கரும்பச்சை குளோரைட். அதன்மேல் மஞ்சள் கலந்த பச்சையில் எபிடோட் படிகங்கள். நடுவில் வெள்ளையாக சியோலைட். விளிம்பில் இருப்பது மூத்தது, நடுவில் இருப்பது இளையது. எபிடோட் உருவாக ஏறத்தாழ 240 டிகிரி செல்சியஸ் வேண்டும். சியோலைட் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வளவு சூடு ஆகாது. ஆக, அந்த இடம் ஒரு காலத்தில் கொதித்துப் பின்னர் ஆறியிருக்கிறது. கிணற்றில் இறக்கும் வெப்பமானி இன்றைய சூட்டைத்தான் சொல்லும். இரண்டையும் ஒப்பிடாமல் எபிடோட்டைக் கண்டவுடன் மகிழ்ந்துவிட்டால், அணைந்துபோன அடுப்பின்மேல் உலை வைத்த கதைதான். மாறாக, தாழ்ந்த சூட்டுக்குரிய களிமண் கனிமமான ஸ்மெக்டைட் இருக்கும் ஆழத்தில் வெப்பமானி மிக அதிகம் காட்டினால், சூடு அண்மையில் ஏறியிருக்கலாம். கனிமம் இன்னும் மாறி முடியவில்லை.

இந்த வாசிப்புக்குத் துணையாக நின்றது தென்கிழக்கு ஐஸ்லாந்தின் கெய்டாஃபெல். ஏறத்தாழ ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்குமுன் அணைந்த எரிமலை அது. பனியாறுகள் அதை அரித்து, புதைந்திருந்த வெந்நீர் அமைப்பையே வெளியே திறந்து வைத்திருக்கின்றன. குத்மண்டுர் ஓமர் ஃப்ரித்லெய்ஃப்சன் 1980-களின் தொடக்கத்தில் அங்குள்ள கனிம நரம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தினார். துகளில் ஊகித்ததை அங்கே பாறைச் சரிவிலேயே நடந்து பார்க்கலாம்.

700-க்கும் மேற்பட்டோர் இந்தப் பயிற்சியை முடித்திருக்கிறார்கள். 2020 முதல் யுனெஸ்கோவின் ஆதரவில் திட்டம் தொடர்கிறது. பயிற்சி பெற்றவர்கள் எழுதிய அறிக்கைகள் ஆண்டுதோறும் தொகுதியாக வந்திருக்கின்றன. நிலவியல் படிக்கும் மாணவர்கள் அவற்றில் ஒரு கிணற்றின் அறிக்கையையாவது எடுத்துக் கனிமப் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும்.