மின்தடை, மின்திறன் கணக்கீடு

மின்சுற்று ஒன்றில் அளந்தறிந்த மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகிய இரண்டைக் கொண்டு அதன் தடையையும் திறனையும் காணும் முறை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை (ஓம்). இரண்டையும் பெருக்கினால் திறன் (வாட்). 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் வெந்நீர்க் கம்பிச்சுருளின் தடை 46 ஓம், திறன் 1,150 வாட்.

வரலாறு

இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1781-இலேயே இத்தொடர்பை உணர்ந்திருந்தார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாத அக்காலத்தில் தம் உடலில் பட்ட அதிர்ச்சியையே அளவாகக் கொண்டார். அவர் வெளியிடாத அக்குறிப்புகளை 1879-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் பதிப்பித்தார்.

கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் சைமன் ஓம், பிஸ்மத்–செம்பு வெப்ப மின்னிரட்டை தந்த நிலையான மின்னழுத்தத்தில் வெவ்வேறு நீளக் கம்பிகளைச் சோதித்து, 1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்டார். ஜெர்மனியில் அதற்கு முதலில் வரவேற்பில்லை. லண்டன் ராயல் கழகம் 1841-இல் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்று இயற்பியலாளர் ஜூல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1881-இல் பாரிஸ் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது. வாட் என்ற அலகை 1882-இல் வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்தார்.

தமிழ்நாட்டில்

1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர் எனத் தொடங்கிய நீர்மின் உற்பத்தியும், 1957-இல் அமைந்த சென்னை மாநில மின்சார வாரியமும் இக்கணக்கைக் கிணற்றுமேட்டுக்குக் கொண்டுவந்தன. விழுப்புரம் மாவட்டத்துக் கண்டமங்கலம் போன்ற வட்டாரங்களில் அது பயன்படும் இடம் பம்புசெட்.

5 குதிரைத்திறன் மோட்டாரின் தண்டுத் திறன் சுமார் 3,730 வாட். மும்முனை மின்சாரத்தில் இரு முனைகளுக்கிடையிலான மின்னழுத்தம், மின்னோட்டம், 1.732, திறன்காரணி ஆகியவற்றின் பெருக்கற்பலனே உள்வாங்கும் திறன். 415 வோல்ட்டில், திறன்காரணியும் பயனுறுதிறனும் 0.85 எனக் கொண்டால், மின்னோட்டம் ஏறத்தாழ 7 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 300 மீட்டர் போனால் ஒவ்வொரு கம்பியின் தடை சுமார் 2.2 ஓம், மூன்று கம்பிகளிலும் சேர்ந்து 320 வாட்டுக்கு மேல் வெப்பமாக வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு ஏறக்குறைய 200 வாட்டாகக் குறையும்.

வரம்பு

மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால் மேற்சொன்ன கம்பிச்சுருள் 3.9 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். திறன் 704 வாட்டாகும். மோட்டார் இதற்கு நேர்மாறு. சுமை மாறாததால், லோ வோல்ட்டேஜில் அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்ந்து காயில் எரியும். ஓடும் மோட்டாரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துக் கிடைப்பது காயிலின் தடையன்று. சுழற்சியால் எழும் எதிர் மின்னழுத்தமும் அதில் கலந்திருக்கும். காயிலின் தடையை மின்சாரத்தைத் துண்டித்த பிறகே அளக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. மீட்டரில்லாத இணைப்புகளின் நுகர்வு, குதிரைத்திறனை அடிப்படையாகக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. மோட்டாரின் பெயர்ப்பலகைத் திறனும் அது உண்மையில் உள்வாங்கும் திறனும் வேறுபடும்போது அந்த மதிப்பீடும் பிசகும்.