குருநகர் நாயும் ஒரு துண்டு இறப்பரும்

எங்கட மணி செத்தது ஒரு நைலோன் நூலால. கரையில வலை பொத்துற இடத்தில் வெட்டி எறிஞ்ச துண்டு அது. அதைச் சுருட்டிப் பந்தாக்கி எறிஞ்சு, "எடுத்துக்கொண்டு வா" என்று விளையாட்டுக் காட்டினது வேறு யாருமில்லை, நாங்கள்தான். மூன்று நாள் சத்தி எடுத்தது. மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோகும்போது பிந்திப்போச்சு. நூலின் ஒரு முனை எங்கேயாவது சிக்கினால், நாடாவை இழுத்த பாவாடை மாதிரி குடல் சுருங்கி, கடைசியில் அறுந்துபோகுமாம்.

அதுக்குப் பிறகுதான் யோசித்தேன். நாய் கடிக்கிறதுக்கென்றே ஒரு பொருளை மனிசர் எப்ப செய்யத் தொடங்கினவை?

நாய் நம்மோடு பல்லாயிரம் வருஷமாக இருக்கிறது. ஆனால் அதுக்கு நாங்கள் குடுத்தது பெரும்பாலும் எங்களுக்கு மிஞ்சினதுதான்: எலும்பு, தடி, பழஞ்செருப்பு, சூப்பின மாங்கொட்டை. அவித்த எலும்பு சிராய் சிராயாக உடையும். தடி வாயைக் குத்தும். மாங்கொட்டை குடலை அடைக்கும். குருநகரில் இதோடு வலைத்துண்டும் ரெஜிபோமும் சேரும். ஒரு காலத்தில் வலை பருத்தி நூல். அதுவும் குடலில் சிக்கும்தான், ஆனால் கரையில் கிடந்தால் உக்கிப்போகும். 1950களுக்குப் பிறகு வந்த நைலோன் உக்காது. மீன்பிடிக்கு எது நல்லதோ, அதுவே நாய்க்கு எமன்.

கடிக்கத் தோதான பொருள் இறப்பர். பச்சை இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தார். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு விதைகளைக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகள் அதே வருஷம் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இறப்பர்க் காடுகள் எழும்பின. பால் வெட்டினவர்களில் இந்தியாவில் இருந்து வந்த எங்கட மலையகச் சனமும் இருந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் அந்தச் சனத்தில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. நாலு வருஷத்தில், 1952இல், சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம். நாடில்லாதவர்களும் சேர்ந்து வெட்டின பாலுக்குத்தான் நாட்டுக்கு அரிசி வந்தது.

விதை வந்து சரியாக நூறு வருஷத்தில், 1976இல், அமெரிக்காவின் கொலராடோவில் 'கொங்' என்ற நிறுவனம் தொடங்கியது. ஜோ மார்க்கம் என்பவரிடம் பிரிட்ஸ் என்றொரு ஜேர்மன் ஷெப்பர்ட் இருந்தது. கல்லைக் கடித்துக் கடித்தே பல்லைத் தேய்த்துக்கொண்ட நாய். அவர் தன் வானைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கழற்றின பாகங்களைக் கல்லுக்குப் பதிலாக எறிந்து பார்த்தார். வானின் அடியில் இருந்த ஒரு இறப்பர்த் துண்டை மட்டும் பிரிட்ஸ் விடவேயில்லை. அந்தத் துண்டின் வடிவத்தில் பிறந்ததுதான் இன்றைய கொங்.

இதில் எனக்குப் பிடித்தது கண்டுபிடிப்பை விட, அந்த மனிசன் தன் நாயின் வாயைக் கவனித்ததுதான். நாங்கள் மணியின் வாலை மட்டும் பார்த்தோம். வால் ஆடினால் சந்தோசம் என்று இருந்துவிட்டோம்.

விலைகூடின கொங் வாங்க எல்லாராலும் ஏலாது. பரவாயில்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் பதியாத பொருள் பல்லை உடைக்கும். முழுசாக வாய்க்குள் போகிற பந்து தொண்டையை அடைக்கும், அதனால் நாயின் வாயை விடப் பெரிசாக எடுங்கோ. ரெனிஸ் பந்தை எறிந்து விளையாடலாம். ஆனால் சப்ப விடக்கூடாது, அதன் மேல்துணியும் அதில் ஒட்டின மண்ணும் பல்லை அரம் மாதிரித் தேய்க்கும். கயிறு பிரியத் தொடங்கினாலோ, இறப்பர் துண்டாகக் கழன்றாலோ அன்றைக்கே குப்பைக்குள் போடுங்கோ.

இப்ப வீட்டில் ஒரு குட்டி நிற்கிறது. கரைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் முதலில் பார்ப்பது கடலை இல்லை, மண்ணை. கண்ணில் படுகிற நூலையெல்லாம் பொறுக்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டுதான் பந்தை எறிகிறேன்.