உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஓடுறீங்களா? வழியில ஒரு 1,400 வருஷக் குகைக் கோயில் இருக்கு!

திருச்சி மலைக்கோட்டைக்குப் போயிருக்கீங்களா? போயிருந்தா நிச்சயமா இதைச் செஞ்சிருப்பீங்க. என்.எஸ்.பி. ரோடு கூட்டத்துல நீந்தி, அடிவாரத்துல செருப்பை விட்டுட்டு, மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு. அப்புறம் மூச்சு வாங்க நானூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சிக்குப் போனதும் காவிரியைப் பின்னணியில வெச்சு ஒரு செல்ஃபி. அவ்வளவுதான், இறங்கிடுவோம்.

நானும் அப்படித்தான். மூணு தடவை ஏறி இறங்கின பிறகுதான், வழியில இருக்கிற ஒரு குகைக்குள்ள எட்டிப் பார்த்தேன். அந்த மலையில மனுஷங்க உருவாக்கின மிகப் பழைய கோயில் அதுதான். மேலே ஏறிப்போய் நாம ரசிக்கிற அந்தக் காவிரி வியூ இருக்கே, அதை ரசிக்கணும்னு 1,400 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் ஆசைப்பட்டதா அங்கே கல்லுல எழுதி வெச்சிருக்காங்க. யார் அவர்? கடைசியில சொல்றேன். முதல்ல கீழே இருந்து ஏறுவோம்.

ஒரு மலை, நாலு அடுக்கு

தரையிலிருந்து சுமார் 83 மீட்டர் உயரம் கொண்ட ஒற்றைப் பாறை இது. இதன் அமைப்பை நாலு அடுக்காப் பிரிச்சுப் புரிஞ்சுக்கலாம்.

1. அடிவாரம்: மாணிக்க விநாயகர் சந்நிதி. அடிவாரத்தின் தெற்குப் பக்கம், வீடுகளும் தெருக்களும் சூழ்ந்த இடத்தில் கீழ்க் குடைவரை.

2. நடு மலை: தாயுமானவர் கோயிலும் மட்டுவார்குழலம்மை சந்நிதியும்.

3. அதற்கும் மேலே, உச்சிக்குப் போகும் வழியில்: மேல் குடைவரை. நம்ம கதையின் நாயகன் இதுதான்.

4. உச்சி: உச்சிப்பிள்ளையார்.

'குடைவரை'ன்னா என்ன? சாதாரணக் கோயிலைக் கல் மேல கல் வெச்சுக் கட்டுவாங்க. குடைவரை அதுக்கு நேர் எதிர். பாறையிலிருந்து தேவையில்லாததை வெட்டி எடுத்துக்கிட்டே போனா, மிச்சம் நிக்கிறதுதான் கோயில். தூண், சுவர், கூரை, சிலை எல்லாமே ஒரே பாறை. கட்டடத்துல ஒரு கல் உடைஞ்சா மாத்திடலாம். இங்கே உளி ஒரு இடத்துல தப்பாப் பட்டா, அந்த மூக்கு போனது போனதுதான். இதுல 'அன்டூ' பட்டன் கிடையாது!

கீழ்க் குடைவரை: ஏழு கடவுளர் கூடும் மண்டபம்

மலை ஏறும் படிக்கட்டு வழியில் இது கண்ணில் படாது. தெருவழியாகத் தேடித்தான் போகணும். 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியர் காலத்து வேலை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அமைப்பு ரொம்ப சுவாரஸ்யமானது. நீளமான மண்டபம். அதன் இரு முனைகளிலும் எதிரெதிரே இரண்டு கருவறைகள். ஒன்று சிவனுக்கு, இன்னொன்று விஷ்ணுவுக்கு. இடையே உள்ள பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரம்மா, சூரியன், துர்க்கை என ஐந்து புடைப்புச் சிற்பங்கள். சைவம், வைணவம்னு தனித்தனியாப் பிரிக்காம எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வெச்சிருக்காங்க. கூட்டமே இல்லாம நிதானமாப் பார்க்கணும்னா இந்த இடம்தான் சரி.

தாயுமானவர்: வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட அம்மா

இப்போ படி ஏறலாம். நடு மலையில் தாயுமானவர்.

காவிரிப்பூம்பட்டினத்துப் பெண் ரத்னாவதி. திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். நிறைமாதம். பிரசவத்துக்குத் துணையாக அம்மா கிளம்பி வர்றாங்க. ஆனா, காவிரியில் வெள்ளம். அம்மாவால ஆற்றைக் கடக்க முடியலை. இங்கே மகளுக்கு வலி வந்துடுச்சு. துணைக்கு யாருமில்லை. 'செவ்வந்திநாதா'ன்னு மலையைப் பார்த்துக் கதறினா. கொஞ்ச நேரத்துல அம்மா கதவைத் திறந்துட்டு உள்ளே வந்தாங்க. பிரசவம் பார்த்தாங்க, குழந்தையைக் குளிப்பாட்டினாங்க, பக்குவமா எல்லாம் செஞ்சாங்க. வெள்ளம் வடிந்ததும் வாசலில் இன்னொரு அம்மா! நிஜமான அம்மா அவங்கதான். அதுவரை அம்மா வேஷத்துல இருந்த சிவன் மறைந்துவிட்டார். அன்னிலேர்ந்து அவர் 'தாயும் ஆனவர்'.

சுகப்பிரசவம் ஆகணும்னு வேண்டிக்கிறவங்க இன்னிக்கும் இங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கிறாங்க. நிறைமாத வயிறோடு யாராவது மெதுவா மெதுவாப் படி ஏறுவதைப் பார்த்தா, கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்க. அவங்க ஏறுறது செல்ஃபிக்காக இல்லை.

இந்தக் கோயிலின் அமைப்பிலும் ஒரு புதிர் இருக்கு. மூலவர் மேற்கு நோக்கி இருக்கார். ஆனா, கொடிமரம் அவருக்குப் பின்பக்கம், கிழக்கே இருக்கு! இதற்கும் ஒரு புராணக் கதை உண்டு. சாரமா முனிவர் சிவனுக்காகச் செவ்வந்தித் தோட்டம் போட்டிருந்தார். அந்தப் பூக்கள் திருடுபோய் உறையூர் அரசனின் அரண்மனைக்குப் போயின. முறையிட்டும் அரசன் கண்டுகொள்ளவில்லை. கோபப்பட்ட சிவன் உறையூர் இருக்கும் மேற்குத் திசைக்குத் திரும்பினார். அந்த ஊரை மண்மாரி மூடியது என்கிறது தலபுராணம். கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பியதால் கொடிமரம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டதாம்.

மேல் குடைவரை: ஒரு நிமிஷம் நில்லுங்க!

தாயுமானவர் கோயிலைத் தாண்டி உச்சிக்குப் போகும் வழியில் வருகிறது, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த மேல் குடைவரை. காலம், 7-ம் நூற்றாண்டின் தொடக்கம். இதன் பெயர், 'லலிதாங்குர பல்லவேஸ்வர கிருஹம்'. லலிதாங்குரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. 'மத்தவிலாசப் பிரஹசனம்' என்ற அங்கத நாடகத்தை எழுதியவரும் இவர்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் கல்வெட்டு வெட்டிவைத்தவரும் இவரே.

குடைவரை தெற்கு நோக்கியது. முகப்பில் நான்கு தூண்கள். இரு ஓரங்களிலும் பாறைச் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். தூணின் கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. மகேந்திரவர்மன் பாணியை அடையாளம் காண இது ஒரு ஈஸியான வழி. அடுத்த முறை மாமண்டூர், தளவானூர்னு வேறு குடைவரைக்குப் போனாலும் தூணைத்தான் முதல்ல பாருங்க.

உள்ளே நுழைந்ததும் வலது பக்கம், அதாவது கிழக்குச் சுவரில், கருவறை. வாசலின் இருபுறமும் வாயிற்காவலர்கள். ஆனா, கருவறை இன்று வெறுமையாக இருக்கிறது.

இப்போ அப்படியே இடது பக்கம் திரும்புங்க. மேற்குச் சுவரில் இருப்பவர் கங்காதரர். பல்லவச் சிற்பக்கலையின் ஆரம்பகாலச் சாதனை இது. ஆகாயத்திலிருந்து கங்கை பாய்ந்து வந்தால் பூமி தாங்காது. அதனால் சிவன் தன் சடையில் அவளைத் தாங்கிக்கொண்டார் என்பது புராணம். அந்தக் கணத்தைத்தான் சிற்பி பிடித்திருக்கிறார். சிவன் ஒரு காலை ஊன்றி, மறு காலைக் குள்ள பூதம் ஒன்றின் மேல் வைத்து நிற்கிறார். ஒரு கை, சடையின் ஒரு கற்றையை நீட்டிப் பிடித்திருக்கிறது. அதை நோக்கி, சின்னஞ்சிறு பெண்ணுருவாகக் கங்கை இறங்கி வருகிறாள். சுற்றிலும் அடியார்களும், மேலே பறந்து வருபவர்களும்.

உலகையே அடித்துக்கொண்டு போகக்கூடிய ஒரு நதி வருது. அதைத் தாங்குகிறவர் முகத்தில் துளிப் பதற்றம் இல்லை. அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்க. ஆபீஸ் டென்ஷனோடு ஏறியிருந்தீங்கன்னா அங்கேயே பாதி குறைஞ்சிடும்.

கல்லுல எழுதின ரகசியம்

இந்தச் சிற்பத்தின் இருபக்கமும் இருக்கும் தூண்களில், பல்லவ கிரந்த எழுத்தில் சம்ஸ்கிருதச் செய்யுள்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. நான் ஆரம்பத்துல சொன்ன விஷயம் இங்கேதான் இருக்கு.

ஒரு செய்யுளின் சாரம் இது: 'தரையில் இருக்கும் கோயிலில் நின்றால் சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது?' என்று சிவனே அரசனிடம் கேட்டாராம். அதனால்தான் மேகம் தொடும் இந்த மலையில் அவருக்கு வீடு கொடுத்தானாம் மன்னன். ஆமாம், வியூவுக்காக ஆசைப்பட்டவர் சாட்சாத் சிவபெருமான்தான்!

இன்னொரு செய்யுள் இன்னும் குறும்பு. சிவனுக்கு நதிகள்மேல் பிரியம் அதிகம். ஏற்கெனவே கங்கை தலையில இருக்கா. இப்போ தோட்டங்களை மாலையாக அணிந்த காவிரியையும் பார்த்துட்டா என்ன ஆகும்? பார்வதிக்குப் பயம் வந்துடுச்சு. பிறந்த வீடான இமயமலையை விட்டுட்டு இந்த மலையிலேயே தங்கி, 'காவிரி பல்லவனுக்குச் சொந்தமானவள்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

ரசனை மட்டுமில்லை, இதில் அரசியலும் இருக்கு. காவிரி சோழ நாட்டின் உயிர். அதன் கரையில், காஞ்சிபுரத்து அரசன் 'இந்த நதி என்னுடையது' என்று தேவியின் வாயாலேயே சொல்ல வைக்கிறான். நாட்டைப் பிடித்ததன் அறிவிப்புதான் இந்தக் கவிதை. மற்றொரு செய்யுள், மாற்று நெறியிலிருந்து அரசன் திரும்பி வந்ததைச் சொல்கிறது. சமணனாக இருந்த மகேந்திரவர்மன் சைவத்துக்கு மாறினான் என்ற மரபுச் செய்திக்கு ஆய்வாளர்கள் பலர் இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தச் சமணத்தின் தடமும் இதே மலையில் இருக்கு. உச்சிக்கு அருகே உள்ள இயற்கைக் குகையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளை இன்றும் காணலாம்.

தமிழுக்கும் இங்கே இடம் உண்டு. இந்த மலையைப் பாடும் 'சிராமலை அந்தாதி' என்ற நூல் முழுவதும் இதே குடைவரையில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. நூறுக்கும் மேற்பட்ட பாடல்கள்! அப்போ அந்தப் பாறைதான் புத்தகம்.

உச்சிப்பிள்ளையார்: நெத்தியில ஒரு குட்டு

கடைசி அடுக்கு. ராமர் பட்டாபிஷேகம் முடிந்து விபீஷணன் இலங்கைக்குக் கிளம்புகிறான். ராமர் அவனுக்குக் கொடுத்த பரிசு, ரங்கநாதர் பள்ளிகொண்ட விமானம். கண்டிஷன் ஒண்ணே ஒண்ணுதான். வழியில் தரையில வைக்கக் கூடாது. காவிரிக் கரைக்கு வந்தவனுக்கு நீராடி அனுஷ்டானம் செய்ய வேண்டிய நேரம். அங்கே நின்ற ஒரு சிறுவனிடம் விமானத்தைக் கொடுத்தான். அவன் அதைத் தரையில் வைத்துவிட்டான். விபீஷணன் எவ்வளவு முயன்றும் அசைக்க முடியலை. அதுதான் ஸ்ரீரங்கம்.

கோபத்தில் துரத்தினான். சிறுவன் ஓடிவந்து இந்தப் பாறையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டான். எட்டிப் பிடித்து நெத்தியில் ஒரு குட்டு வைத்த பிறகுதான் தெரிந்தது, அது பிள்ளையார். அந்தக் குட்டின் தழும்பு இன்னும் இருப்பதாகச் சொல்வார்கள். விபீஷணன் வருந்தியதால் அவனது இலங்கை இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்தே பள்ளிகொண்டாராம் ரங்கநாதர்.

எல்லாக் கதையிலும் ஒரே ஹீரோயின்

கவனிச்சீங்களா? அம்மாவைத் தடுத்தது காவிரி. விபீஷணனை நிறுத்தியது காவிரி. சிவன் ஆசைப்பட்டதும், பார்வதி பயந்ததும் காவிரிக்காக. குடைவரைச் சுவரில் இருப்பதும் ஒரு நதி இறங்கும் காட்சி. மலையைப் பற்றின கதைகள்னு நினைச்சு நாம கேட்கிறது எல்லாமே ஆற்றைப் பற்றின கதைகள்.

அதனாலதான் உச்சியில் நின்று வடக்கே பார்க்கும்போது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. தண்ணீர் ஓடும் மாதங்களில் அந்தக் காட்சி கொள்ளை அழகு. கோடையில் போனால் பெரும்பாலும் மணல்தான் தெரியும். ஒரு அம்மாவை மறுகரையிலேயே நிறுத்திவைத்த ஆறு இது என்று பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம் சொன்னால், அது நம்புமா?

போறதுக்கு முன்னாடி...

- காலை அல்லது மாலையில் ஏறுங்க. வெறுங்காலோடு ஏறணும். வெயில் ஏறிட்டா மேலே திறந்தவெளியில் பாறை கொதிக்கும்.

- மதியம் சந்நிதிகள் நடை சாத்துவாங்க. அதுக்கேத்த மாதிரி நேரத்தைத் திட்டமிடுங்க.

- ரெண்டு குடைவரைகளும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தூண்களைத் தொடுவதும், சாய்ந்து போஸ் கொடுப்பதும், பேர் கிறுக்குவதும் வேண்டவே வேண்டாம். அந்த எழுத்துகள் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வராது.

- ஏறும்போது விட்டாலும் இறங்கும்போது மேல் குடைவரைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. வலது பக்கம் வெறுமையான கருவறை, இடது பக்கம் கங்காதரர். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாப் போதும்.

செல்ஃபி தாராளமா எடுத்துக்கோங்க. அதே வியூவுக்காகத்தானே சிவனே மலையேறினார்!