தேரையர் நூலில் நசியம்

தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, வமனத்தை ஆறு திங்கட்கு ஒருமுறையும், பேதியை நான்கு திங்கட்கு ஒருமுறையும், நசியத்தை ஒன்றரைத் திங்கட்கு ஒருமுறையும் வகுக்கின்றது. நசியமாவது மருந்துச் சாற்றையோ நெய்யையோ மூக்கினுள் துளியாக விடுதல். இவ்விதிகள் ‘செய்க’ என்னும் வியங்கோளாக அமையாது, தன்மைப் பன்மை வினைமுற்றுக்களான் முடிதல் நோக்கத்தக்கது. மருத்துவன் தானும் அவ்வொழுக்கத்துள் நின்றே பேசுகின்றான். பிறர்க்கு மட்டும் அறங்கூறும் நூல்களினின்று இஃது இவ்வாற்றான் வேறுபடும் எனக் கருதுகின்றோம்.

நசியத்திற்கு நாள்வரையறை உண்டு, விரலுக்கோ அஃதில்லை. பெங்களூர் மருத்துவர்களாகிய ஆண்ட்ரேட், ஸ்ரீஹரி என்போர் பள்ளி மாணவர் 200 பேரை வினாவி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மூக்குக் குடைதல் நாளொன்றுக்கு நான்கு முறை என்பது இடைநிலை அளவாகக் கண்டது. ஏறத்தாழ நால்வருள் ஒருவர் குருதி கசிந்ததாகவும் கூறினர். (அவ்வாண்டே அவ்வாய்வு நகைச்சுவைக்குரிய இக்நோபல் பரிசைப் பெற்றது, நகைத்தோர் எத்துணையர் அதனைப் படித்தனரோ!) மூக்கின் நடுச்சுவரது முன்புறத்தே நுண்குருதிக் குழாய்கள் பல கூடுகின்றன, அவற்றைப் போர்த்த தோல் மிக மெல்லிது. நகம் கீறிய அவ்விடம் ஸ்டபிலோகாக்கஸ் முதலிய நுண்ணுயிர்கட்கு வாயிலாகின்றது. விரலை அழைப்பது உலர்ந்த சளியே. நெய் நசியம் அவ்வுலர்ச்சியைத் தணிப்பது. எனினும் நெய்த்துளி அடிக்கடி நுரையீரலுட் புகின் அழற்சி விளைக்கும் என்பர் இக்கால மருத்துவர். நூலார் ஒன்றரைத் திங்கள் இடையீடு வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.