ஜப்பானில் மேலைநாட்டு ஆங்கில ஆசிரியர்கள்

ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களிலிருந்து வந்து ஜப்பானில் தங்கி ஆங்கிலம் கற்பித்தவர்களின் வரலாறு 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. கைதி, பாதிரியார், அரசுச் சம்பளத்துக்கு அமர்ந்த நிபுணர், கவிஞர், பட்டம் வாங்கிய கையோடு விமானம் ஏறிய இளைஞர் எனப் பலரும் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். இவர்களைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை வந்தவர்களே எழுதியவை. ஊர் காணும் ஆசை, தனிமை, வியப்பு, ஏமாற்றம் என்று வந்தவரின் மனத்தை ஒட்டியே அவை செல்லும். வரவழைத்தவர் என்ன எண்ணி வரவழைத்தார் என்பது ஓரத்தில் நின்றுவிடும். சான்றுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், ஜப்பான் இந்த ஆசிரியர்களைத் தன் கல்வி அமைப்புக்குள் நிலையாகச் சேர்த்துக்கொண்டதேயில்லை என்பது தெரியவரும். தேவை உள்ளவரை வைத்திருந்து, உள்நாட்டவர் தயாரானதும் விடுவிக்கும் ஏற்பாட்டையே அது திரும்பத் திரும்பக் கையாண்டிருக்கிறது. ஓரிரு ஆண்டில் மூட்டை கட்டுவதை இந்த ஆசிரியர்களின் நாடோடிக் குணமாகச் சித்திரிப்பது வழக்கம். அந்தக் குணத்தை உண்டாக்கியது அவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தமே.

ஜப்பானியர் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியது பயத்தினால். 1808இல் ஃபேட்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நாகசாகித் துறைமுகத்துக்குள் நுழைந்து, டச்சுக்காரர்களைப் பிடித்து வைத்து உணவும் நீரும் கேட்டு வாங்கிச் சென்றது. தடுக்க வழியில்லாத நகர ஆளுநர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதன் பிறகே நாகசாகியின் டச்சு மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலம் கற்க உத்தரவு வந்தது. 1809இல் யான் கொக் புளோம்ஹோஃப் என்ற டச்சு அலுவலர் அவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1814இல் கையெழுத்துப் படியாக ஓர் ஆங்கிலச் சொற்களஞ்சியமும் தயாரானது. ஆனால் புளோம்ஹோஃபுக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் ஆசிரியர் என்ற இடம் ரனால்ட் மெக்டொனால்டுக்கே உரியது.

மெக்டொனால்ட் 1824இல் இன்றைய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் பிறந்தவர். தந்தை ஹட்சன் வளைகுடா கம்பெனியில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். தாய் சினூக் பழங்குடித் தலைவர் கொம்கொம்லியின் மகள். அந்நியர் நுழைந்தால் தண்டனை என்றிருந்த காலத்தில், 1848இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றிலிருந்து சிறுபடகில் இறங்கி, கப்பல் கவிழ்ந்து கரை ஒதுங்கியவர்போல் ஹொக்கைடோவுக்கு வடமேற்கே ரிஷிரித் தீவை அடைந்தார். அங்கிருந்து நாகசாகிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஒரு கோயிலை ஒட்டிய அறையில் அடைக்கப்பட்டார். அந்த அறைதான் வகுப்பறை. மொழிபெயர்ப்பாளர்கள் 14 பேர் ஒவ்வொருவராக அவர் எதிரே வந்து வாசிப்பார்கள். அவர் உச்சரிப்பைத் திருத்துவார், பொருள் சொல்வார். லகரமும் ரகரமும் அவர்கள் நாவில் ஒன்றாகக் குழைந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். 1849 வசந்தத்தில் பிரெபிள் என்ற அமெரிக்கக் கப்பல் வந்ததும் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவரிடம் படித்த மொரியாமா எய்னோசுகே, 1854இல் அமெரிக்கக் கடற்படையின் கொமடோர் பெர்ரியோடு நடந்த உடன்படிக்கைப் பேச்சில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஆசிரியர் போனார், கல்வி உள்ளே தங்கியது. பின்னாளின் ஏற்பாடு முழுவதும் இந்தச் சிறைக்கூடத்திலேயே உருப்பெற்றுவிட்டது எனலாம்.

1859இல் துறைமுகங்கள் திறந்தபின் பாதிரியார்கள் வந்தார்கள். கிறிஸ்தவம் 1873 வரை தடையில் இருந்ததால், மதத்தைப் பரப்ப வந்தவர்கள் ஆங்கிலம் கற்பித்துக் காத்திருந்தார்கள். மருத்துவரான ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்ன் 1867இல் ஜப்பானிய–ஆங்கில அகராதியை வெளியிட்டார். யோக்கொஹாமாவில் அவர் மனைவி கிளாரா நடத்திய வகுப்பு பின்னர் மெய்ஜி கக்குயின் பல்கலைக்கழகத்துக்கு வேராயிற்று. நாகசாகியில் கைடோ வெர்பெக்கிடம் படித்தவர்களில் ஒகுமா ஷிகெனொபு பிறகு இருமுறை பிரதமரானார். 1870இல் மேரி கிடர் தொடங்கிய பெண்கள் வகுப்பு ஃபெரிஸ் பள்ளியாக வளர்ந்தது. இவர்களில் பலர் பத்து இருபது ஆண்டுகள் தங்கினார்கள். அதைக் காட்டி, வெளிநாட்டு ஆசிரியருக்கு ஜப்பானில் நிலையான இடம் கிடைத்தது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோருக்கு ஊதியம் தந்தவை தாய்நாட்டுத் திருச்சபைகள். ஜப்பானிய அரசு ஊதியம் கொடுத்த இடங்களில் கதை வேறாக இருந்தது.

மெய்ஜி அரசு அமர்த்திய அந்நிய நிபுணர்களை ஒயாதோய் என்பார்கள். ஆசிரியர், பொறியாளர், சட்ட வல்லுநர் எல்லோரும் அதில் அடக்கம். அவர்களுக்குக் கொடுத்த சம்பளத்தைப் பார்த்தாலே அரசு எவ்வளவு சீக்கிரம் அவர்களை விடுவிக்க விரும்பியிருக்கும் என்பது புரியும். ஒசாகா நாணயச் சாலையை நடத்திய தாமஸ் கிண்டரின் மாதச் சம்பளம் 1,045 யென். நாட்டின் தலைமை அமைச்சர் சஞ்ஜோ சானெதொமி வாங்கியது 800 யென். இந்தச் செலவை ஏற்றுக்கொண்டே, இவர்களிடம் படித்து முடித்தவர்களை வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்கு அனுப்பித் திரும்பியதும் அதே நாற்காலியில் உட்கார வைப்பதை அரசு கொள்கையாகச் செய்தது. பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலை கற்பித்த ஜொசயா கொண்டருக்குப் பதிலாக அவர் மாணவர் தத்சுனோ கிங்கோ பேராசிரியரானது இப்படித்தான். 1883இல் டோக்கியோ பல்கலைக்கழகம் பாடமொழியை ஜப்பானியத்துக்கு மாற்றுவதாக முடிவு செய்தது. ஆங்கிலத்தில் எல்லாப் பாடமும் நடத்த ஆள் வேண்டும் என்ற நிலை போய், ஆங்கிலம் என்ற ஒரு பாடத்துக்கு மட்டும் ஆள் போதும் என்றாயிற்று. குறுகிய காலம் தங்கியும் ஆழமான தடம் பதித்ததற்கு வில்லியம் ஸ்மித் கிளார்க்கை உதாரணம் காட்டுவார்கள். சப்பொரோ வேளாண் கல்லூரியில் 1876–77இல் அவர் இருந்தது எட்டு மாதம்தான். ஆனால் அவர் கல்லூரியின் பாடத்திட்டத்தையே வகுக்கும் அதிகாரத்தோடு வந்தவர். அவர் கிளம்பிய பின் சேர்ந்த உச்சிமுரா கன்ஸோ, நித்தொபே இனஸோ முதலியோரைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மூத்த வகுப்பின் ஜப்பானிய மாணவர்கள். அத்தகைய அதிகாரம் அதன்பின் எந்த ஆங்கில ஆசிரியருக்கும் தரப்படவில்லை.

இந்த ஏற்பாட்டின் முழு வடிவமும் லாஃப்காடியோ ஹேர்னின் பணிவாழ்வில் தெரியும். 1850இல் கிரேக்கத் தீவான லெஃப்கடாவில் ஐரிஷ் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்தவர். அமெரிக்காவில் செய்தித்தாள் எழுத்தாளராக இருந்து, 1890இல் யோக்கொஹாமாவில் வந்து இறங்கினார். அறிஞர் பேசில் ஹால் சேம்பர்லேனின் உதவியால் மட்சுயே நகரின் நடுநிலைப்பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் மாதம் 100 யென் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே கொய்சுமி செட்சுவை மணந்தார். அடுத்து குமமோத்தோவில் 200 யென். 1896இல் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளராகச் சேர்ந்தார். இளமையிலேயே இடக்கண் பார்வையை இழந்திருந்த அவர், மாணவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளும்படி மெதுவாக, எளிய ஆங்கிலத்தில் பேசினார். அவர் மறைவுக்குப் பின் வெளியான இலக்கிய விரிவுரைத் தொகுதிகள் அந்த மாணவர்களின் குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கப்பட்டவை. பிற்காலத்தில் அவரைப் பேய்க் கதைகளின் ஆசிரியராக மட்டுமே உலகம் நினைவில் வைத்திருப்பது நியாயமில்லை. ஒரு தலைமுறை ஜப்பானியருக்கு ஆங்கிலக் கவிதையைக் காதால் கேட்க வைத்தவர் அவர்.

1903 மார்ச் மாதத்தோடு அவர் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியது. மாணவர்கள் எதிர்த்தார்கள். குறைந்த நேரத்துக்குக் குறைந்த சம்பளம் என்று பல்கலைக்கழகம் சமரசம் பேசியது, ஹேர்ன் ஏற்கவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர்களில் முதன்மையானவர் லண்டனில் அரசு உதவித்தொகையில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த நட்சுமே சோசெகி. சோசெகிக்கு இது புதிதல்ல. 1895இல் மட்சுயாமா நடுநிலைப்பள்ளியிலும் அவர் ஓர் அமெரிக்க ஆசிரியரின் இடத்துக்கே வந்தார். ஹேர்ன் நீக்கப்பட்டதற்கு அவருடைய முன்கோபத்தையும் சக பேராசிரியர்களின் பொறாமையையும் சிலர் காரணம் சொல்வார்கள். அவை துணைக் காரணங்கள். ஜப்பானியக் குடிமகனாகி, ஜப்பானியப் பெயர் தாங்கி, ஜப்பானியக் குடும்பத்தோடு வாழ்ந்தவருக்கும் அந்நிய விரிவுரையாளர் என்ற பதவிதான் இருந்தது. அந்தப் பதவியை ஒழிப்பதே அரசின் நெடுநாள் திட்டம். ஒழித்ததில் நியாயம் இருந்தது என்று வாதிட இடமுண்டு. வரியை எல்லாம் அந்நியச் சம்பளத்துக்குக் கொட்டாமல் தன் மக்களைக் கொண்டே பல்கலைக்கழகத்தை நடத்த விரும்பும் நாட்டை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் வேர் விட்டவரையும் வேர் விடாதவரையும் ஒரே விதியால் அளந்தது கல்விக்கு இழப்பு. 1904 செப்டம்பரில் ஹேர்ன் இறந்தார்.

நீண்ட காலம் தங்கிய ஆசிரியரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இரு உலகப் போர்களுக்கு இடையிலான காலத்தில் சான்று கிடைக்கிறது. எட்மண்ட் பிளண்டன், வில்லியம் எம்ப்சன் முதலிய கவிஞர்கள் அப்போது டோக்கியோவில் சில ஆண்டுகள் கற்பித்துத் திரும்பினார்கள். அவர்களைவிட ஆழமான வேலை செய்தவர்கள் ஹெரால்ட் பாமரும் ஏ. எஸ். ஹார்ன்பியும். பாமர் 1922இல் கல்வி அமைச்சகத்தின் மொழி ஆலோசகராக வந்து, அடுத்த ஆண்டு ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, 1936 வரை வாய்மொழிப் பயிற்சியை வலியுறுத்தினார். 1924இல் கியூஷு தீவின் ஒய்தாவுக்கு ஆசிரியராக வந்த ஹார்ன்பி பின்னர் பாமரோடு சேர்ந்தார். எந்த வினைச்சொல் எந்த வாக்கிய அமைப்பில் வரும், எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ண முடியாது என்று ஜப்பானிய மாணவர்கள் திணறிய இடங்களைக் குறித்து வைத்து, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் ஆகியோருடன் அவர் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் கைதாகுஷா பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபதிப்புச் செய்தது. உலகெங்கும், தமிழகக் கல்லூரி விடுதிகள் உட்பட, மாணவர் மேசைகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் கற்போர் அகராதி இதிலிருந்தே வளர்ந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே மாணவர்களின் அதே தவறுகளைக் கேட்டுக்கொண்டே இருந்தவருக்குத்தான் இந்த வேலை சாத்தியம். வாய்மொழிப் பயிற்சி பள்ளிகளில் பரவாமல் போனதற்கு நுழைவுத் தேர்வே காரணம். வாசித்து மொழிபெயர்க்கத் தெரிந்தால் போதும் என்ற தேர்வுக்கு முன் எந்த முறையும் நிற்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் அந்நிய ஆசிரியர்களின் சட்ட நிலை மாறவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்நியரை முறையான பேராசிரியராக அமர்த்த வழி செய்தது 1982இன் சட்டம்தான். அதுவரை அவர்கள் தனிவகைப் பணியாளர்களாகவே ஒப்பந்தத்தில் இருந்தார்கள். அமெரிக்காவோடு வர்த்தகப் பூசல் முற்றியிருந்த காலத்தில், 1987இல், வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துவரும் அரசின் ஜெட் திட்டம் தொடங்கியது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து அவ்வாண்டு வந்தவர்கள் 848 பேர். இன்று ஆண்டுதோறும் 5,000க்கும் மேற்பட்டோர் பணியில் இருக்கிறார்கள்; நாடுகளின் எண்ணிக்கையும் பெருகியிருக்கிறது. பெரும்பாலோர் உதவி மொழி ஆசிரியர்கள். ஆசிரியப் பயிற்சி தகுதி நிபந்தனை அல்ல, பட்டம் போதும். ஒப்பந்தம் ஓராண்டு, நீட்டித்தாலும் ஐந்தாண்டுக்கு மேல் கிடையாது. உரிமம் இல்லாததால் தனியாக வகுப்பு நடத்தவோ மதிப்பெண் இடவோ முடியாது. ஜப்பானிய ஆசிரியர் பாடத்தைத் திறப்பார், உதவியாளர் ஒரு பத்தியை உரக்க வாசிப்பார், வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். ஒலிநாடா செய்யக்கூடிய வேலைக்குக் கடல் கடந்து வந்தோமா என்ற மனக்குறை இவர்களிடையே பழையது. வாரத்துக்கு ஒரு பள்ளி என்று சுற்றும் உதவியாளருக்கு மாணவர் பெயர்கள் மனத்தில் பதியும் முன்பே பருவம் முடிந்துவிடும்.

ஜெட் திட்டத்தின் நோக்கம் நாடுகளிடையே பழக்கம் வளர்ப்பது, மொழிக் கல்வியை வைத்து அதை எடை போடக்கூடாது என்பது அதன் ஆதரவாளர்களின் பதில். கிராமத்துப் பிள்ளை ஒன்று வாழ்நாளில் முதன்முதலாக ஓர் அந்நியரோடு பேசிச் சிரிப்பது சிறிய காரியமல்ல. அந்த அளவில் பதில் சரியே. ஆனால் அந்தப் பழக்கத்துக்கும் அதே ஓராண்டு ஒப்பந்தம்தான் தடை. பெரும்பாலோர் தாமாகவே கிளம்புகிறார்கள் என்பதும் உண்மை. சம்பளம் ஓரளவுக்கு மேல் ஏறாது, பதவி உயர்வு இல்லை, ஐந்தாம் ஆண்டில் கதவு மூடும் என்று முதல் நாளே தெரிந்த வேலையில் யார்தான் தங்கத் திட்டமிடுவார்கள்? ஜப்பானியம் கற்று, அங்கேயே மணம் செய்துகொண்டு நிலைத்தவர்கள் பலர் மொழிபெயர்ப்புக்கும் வேறு தொழில்களுக்கும் போயிருக்கிறார்கள். தங்கும் விருப்பம் அவர்களிடம் இருந்தது. தங்கும் இடம் பள்ளியில் இல்லை.

அரசுப் பள்ளிக்கு வெளியேயும் நிலை வேறல்ல. எய்கைவா எனப்படும் தனியார் உரையாடல் பள்ளிகளில் அப்போது மிகப் பெரியதாயிருந்த நோவா 2007 அக்டோபரில் திவாலானபோது, ஆயிரக்கணக்கான அந்நிய ஆசிரியர்கள் சம்பளம் நின்று, நிறுவனம் பிடித்துத் தந்த வாடகை வீடுகளையும் இழக்கும் நிலைக்கு வந்தார்கள். தொடக்கப்பள்ளிகளிலோ 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம். உதவியாளர்களின் தேவை கூடியிருக்கிறது. பல ஊர்கள் இவர்களைத் தரகு நிறுவனங்கள் வழியாக எடுக்கின்றன. பணி ஒப்படைப்பு ஒப்பந்தம் என்றால் வகுப்பாசிரியர் உதவியாளருக்கு நேரடியாக ஒரு வேலை சொல்வதுகூடச் சட்டப்படி சிக்கல். கல்வி வாரியங்கள் தாமே அமர்த்தும் உதவியாளர்களில் பலரும் 2020 ஏப்ரலிலிருந்து நிதியாண்டுக்கு நிதியாண்டு அமர்த்தப்படும் பணியாளர் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறார்கள்.