ராஸ் மீன்கள்: பவளத் தொட்டியில் கூட்டு வளர்ப்பு

லாப்ரிடே குடும்பத்துக் கடல்மீன்கள் ராஸ் எனப்படும். உலகில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ராமேசுவரம், தூத்துக்குடி இடையிலான மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளில் பிறைவால் ராஸ், பிற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு ராஸ் முதலியவை வாழ்கின்றன. அங்கு 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்கத் தடை உள்ளது.

தொட்டியில் ராஸ்களைச் சேர்த்து வளர்க்கும்போது மூளும் சண்டைக்கு முக்கியக் காரணம் ஆண்களின் எல்லைப்போட்டி.

துப்புரவு ராஸ் கூட்டத்தில் ஓர் ஆணும் பல பெண்களும் இருக்கும். ஆண் இறந்தால் மூத்த பெண் சில மணி நேரத்திலேயே ஆணைப்போல் மற்றவற்றை மிரட்டத் தொடங்கி, சில வாரங்களில் முழு ஆணாகிவிடும் என்பதை ஆய்வாளர் ராபர்ட்சன் 1972இல் விளக்கினார்.

எனவே தொட்டியில் ஒரே இனத்து ஆண்கள் இரண்டை வைப்பதில்லை. நிறத்திலும் உடலமைப்பிலும் வேறுபட்ட இனங்களைத் தேர்ந்து, சாதுவானவற்றை முதலிலும் முரட்டு மீன்களைக் கடைசியிலும் விடுவர். புதுவரவைச் சில நாள் துளையிட்ட பெட்டிக்குள் வைத்துப் பழக்குவதுண்டு. பிறைவால் ராஸ் வளர வளர முரடாகும். சிறு மீன்களுடன் ஒத்துவராது.

ராஸ்களில் ஹாலிகோயரஸ் பேரினத்தவை இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும். அவற்றுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது மென்மணல் வேண்டும். சிர்ரிலாப்ரஸ் பேரினத்தவை பாறையிடுக்கில் சளியாலான உறைக்குள் தூங்கும். துரத்தப்படும் ராஸ் தண்ணீரைவிட்டுத் துள்ளும் என்பதால் தொட்டிக்கு வலைமூடி கட்டாயம்.