தோலில்லாத மேளம்

லயத்தைப் பற்றி நம்மிடையே எழுதுகிறவர்கள் தோலைப் பற்றி எழுதுவதில்லை. தாளம், ஜதி, நடை, கணக்கு என்று பக்கங்கள் நிறைகின்றன. அந்தக் கணக்கு எதன்மேல் விழுகிறது, அதை யார் உரித்து ஊறவைத்து இழுத்துக் கட்டினார்கள், மழை நாளில் அது என்ன ஆகிறது என்பதெல்லாம் சங்கீத விமர்சனத்துக்குப் புறம்பான சங்கதிகளாக இருந்துவிட்டன. 2020-ல் டி. எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தை எழுதியபோது, அதை வெளியிட அனுமதித்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப எடுத்துக்கொண்டது. தோல் என்ற பேச்சு வந்ததும் நம் கலை உலகம் எவ்வளவு சீக்கிரம் கூசிப்போகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

நான் இங்கே எழுத இருப்பது தோலே இல்லாத ஒரு மேளத்தைப் பற்றி. எலெக்ட்ரானிக் பேட் என்றும், அதன் வயிற்றில் இருப்பதை ட்ரிகர் என்றும் சொல்கிறார்கள். துப்பாக்கி விசைக்கு உள்ள அதே பெயர். கை அடிப்பது ஓரிடம், சத்தம் பிறப்பது வேறிடம். நடுவே ஒரு கம்பி. கடைகளில் விலை கொடுத்து வாங்கும் சாமானைப் பற்றி எனக்கு அதிக அக்கறை இல்லை. திருப்பூர் போன்ற ஊரில் கழிவுப் பொருட்களிலிருந்தே இதைக் கட்டிக்கொள்ள முடியும் என்பதும், கட்டும்போது சங்கீத விமர்சனம் தொடாத ஒரு கேள்வி வந்து நிற்கிறது என்பதுமே என்னை எழுத வைக்கின்றன.

திருப்பூரில் இதை யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பனியன் துணி நெய்கிற (நெய்தல் என்பது தவறு, பின்னுகிற) வட்ட மெஷினில் 30 அங்குல விட்டமும் 24 கேஜும் இருந்தால் ஏறத்தாழ 2260 ஊசிகள். ஒரு நூல் அறுந்தால் துணியில் ஓட்டை விழும். எனவே ஒவ்வொரு நூலின்மேலும் ஒரு சின்னக் கம்பி நெம்பு சாய்ந்துகொண்டிருக்கும். நூல் அறுந்ததும் நெம்பு விழும், குறைந்த வோல்ட்டில் ஓடும் சர்க்யூட் கூடும், விளக்கு எரியும், மெஷின் நிற்கும். ஸ்டாப் மோஷன் என்பார்கள். ராத்திரி ஷிப்டில் பத்து மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன் அந்த விளக்கைப் பார்த்துத்தான் ஓடுகிறான். ஒரு பொருளின் அசைவு மின்சாரத்தில் ஒரு சேதியாக மாறுவதென்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும்.

மேளத்தின் சரித்திரத்திலும் முதலில் வந்தது இந்த நெம்புதான். ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரத்து க்ராஃப்ட்வெர்க் குழு 1970களின் முற்பகுதியில் கையாலேயே ஒன்றைக் கட்டியது. வீட்டு ஆர்கனுக்குத் துணையாக விற்ற தாளப்பெட்டியைப் பிரித்து, அதன் சத்தங்களை உலோகத் தகடுகளோடு கம்பியால் இணைத்தார்கள். கம்பி கோத்த உலோகக் குச்சி தகட்டைத் தொட்டால் சர்க்யூட் பூர்த்தியாகிச் சத்தம் வரும். 1975-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் வுல்ஃப்காங் ஃப்ளூர் இதை வாசித்துக் காட்டினார். கோட்டும் டையும் அணிந்த மனிதர்கள் சமையலறைப் பலகை போன்ற ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தட்டினாலும் ஒன்றே, ஓங்கி அடித்தாலும் ஒன்றே. ஸ்விட்சுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டு சொற்களே தெரியும். அறுந்த நூல் எவ்வளவு அறுந்தது என்று ஸ்டாப் மோஷன் கேட்பதில்லை அல்லவா!

எவ்வளவு என்று கேட்கத் தெரிந்த பொருள் வேறெங்கோ காத்திருந்தது. 1880-ல் பியர் க்யூரியும் அவர் அண்ணன் ழாக்கும் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறதென்று கண்டார்கள். நமக்கு இது விஞ்ஞானமாக வந்து சேரவில்லை, மைக் செட்டாக வந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தென்னை மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்களின் ரிகார்டு பிளேயரில், முள்ளுக்குப் பின்னால் இருந்தது இப்படிகமே. பழைய கிரிஸ்டல் வகை வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. பிறகு பீங்கான் வகை வந்தது. இன்று அதே பீங்கான், பித்தளை வில்லைமேல் பூசப்பட்டு, பொம்மையிலும் கடிகாரத்திலும் யு.பி.எஸ். பெட்டியிலும் கீச்சிடுகிறது. மின்சாரம் கொடுத்தால் கீச்சிடும். தட்டினால் மின்சாரம் கொடுக்கும். காயலான் கடையில் இதைக் குப்பையோடு குப்பையாக அள்ளலாம்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1981-ல் இங்கிலாந்தில் சிம்மன்ஸ் கம்பெனியின் அறுகோண மேளம் வந்தது. போலீஸ் கேடயத்துக்கு உபயோகிக்கும் பிளாஸ்டிக்கில் செய்தது. வாசித்தவர்கள் மணிக்கட்டு வலியால் அவதிப்பட்டார்கள். 1985-ல் ஜப்பானின் ரோலண்ட் எட்டு ரப்பர்க் கட்டங்கள் கொண்ட ஆக்டோபேடைக் கொண்டுவந்தது. நம் மெல்லிசைக் குழுக்களில் அந்தப் பெயரே சாதிப்பெயர்போல் ஒட்டிக்கொண்டு, பின்னால் வந்த எல்லா மாடலுக்கும் அதுவே வழங்கலாயிற்று. மாரியம்மன் நோம்பி மேடையில் தபலா, டோலக், பாங்கோஸ், டிரம்ஸ் என்று நாலு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர் நின்றார்.

இனி என் மேசைமேல் இருக்கும் பொருளுக்கு வருகிறேன். உடல், சாயப்பட்டறை நீலப் பீப்பாயிலிருந்து அறுத்த ஒரு வளையம். எத்தனை கழுவினாலும் வாடை முழுக்கப் போகாது. நடுவில், நூல் தீர்ந்த காகிதக் கோன். அதன் உச்சியில் 35 மில்லிமீட்டர் பீங்கான் வில்லை, வில்லைமேல் ஒரு துண்டு நுரை ரப்பர். மேலே தோலுக்குப் பதிலாகத் துணி. இங்கே பனியன் ஊர் உதவவில்லை. பின்னிய துணி கண்ணி கண்ணியாய் நெகிழ்வதற்கென்றே பிறந்தது. உடம்போடு போகும், இழுத்துக் கட்டினால் விறைக்காது; அடித்தால் குச்சி அமுங்கும். 1997-ல் ரோலண்ட் தன் மேளத்துக்கு வலைத்துணி போட்டதும் நெய்த வலைதான். எனக்கு அகப்பட்டது கரூர்க் கொசுவலை. ஆனால் அதுவும் நெசவில்லை; நீளவாட்டில் பின்னியது, அதனால் பனியன் அளவுக்கு நெகிழாது. இரண்டு மடிப்பாகப் போட்டால் குச்சி எம்புகிறது. அடியில் அதிர்வை உறிஞ்சக் கட்டிங் வேஸ்ட் இரண்டு கிலோ. அந்த அளவில் மட்டும் பனியனுக்கு இடமுண்டு.

வில்லையை ஓங்கி அடித்தால் பத்து இருபது வோல்ட்டுக்குமேல்கூடத் துள்ளும். ஆகவே குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரும், 5.1 வோல்ட் ஸீனர் டயோடும். பிறகு ஆர்டுவினோ என்ற சிறு பலகை; அது பூஜ்யத்திலிருந்து ஐந்து வோல்ட் வரையிலானதை 0 முதல் 1023 வரை எண்ணாக்குகிறது. அந்த எண் 1983 முதல் வாத்தியங்களுக்குள் வழங்கும் மிடி மொழியில் 1 முதல் 127 வரை சுருங்குகிறது. விரலின் சகல தயக்கத்துக்கும் கோபத்துக்கும் 127 படிகள். போதுமா என்ற கேள்வி சுவாரஸ்யமானது. ஆனால் அதைவிடக் கடினமான கேள்விகள் இரண்டு உண்டு.

பலகைக்கு முதலில் ஓர் எல்லை எண் சொல்லித் தரவேண்டும். அதற்குக் கீழே வருவது அடியில்லை, சும்மா அதிர்வு. லாரி போனாலும், பக்கத்து அறையில் பவர்டேபிள் ஓடினாலும் வில்லை முணுமுணுக்கும். எல்லை இல்லாவிட்டால் மேளம் தானாகவே பேச ஆரம்பித்துவிடும். இரண்டாவது, ஓர் அடி விழுந்ததும் பலகை சில மில்லிசெகண்டு உச்சத்தைத் தேடி, பிறகு இன்னும் சில பத்து மில்லிசெகண்டு காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் துணியின் நடுக்கத்தையே இரண்டாவது மூன்றாவது அடியாக எண்ணும். இந்த இரண்டு எண்களையும் யாரோ ஒருவர் தட்டச்சு செய்தாக வேண்டும். எது அடி, எது இரைச்சல் என்று அவர் அங்கே தீர்ப்பு எழுதுகிறார்.

மேற்கத்திய டிரம்ஸுக்குப் பழகிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு இதன்மேல் பறையின் அடியைப் போட்டுப் பார்த்தேன். பறைக்குக் குச்சி இரண்டு. வலக்கையில் தடித்த அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சி. அடிக்குச்சி சொல்வதைப் பலகை பிழையில்லாமல் எழுதியது. சிம்புக்குச்சியின் பேச்சு பாதிக்குமேல் காணாமல் போயிற்று. சில எல்லைக்குக் கீழே விழுந்தன, சில பலகை காதைப் பொத்தியிருந்த நேரத்தில் விழுந்தன. தாளம் நின்றது, ஆட்டம் போய்விட்டது. கால் தூக்க வைப்பது எதுவோ அதையே கருவி இரைச்சல் என்று கழித்துவிட்டது. 'வெறும் சத்தம்' என்று பறையைச் சொல்லிவந்த சபைக் காதுகளும் ஏறத்தாழ இதே எண்களில் முடுக்கப்பட்டவை என்று எனக்குத் தோன்றுகிறது.

யந்திர மேளம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது கோயில்களில் இருக்கும் மின்மேளம். இரும்புச் சட்டம், சின்ன மோட்டார், பெல்ட், அடிகோல்கள். ஒரு மேளம், ஒரு சேகண்டி, நாலைந்து மணி. தீபாராதனைக்குப் பூசாரி ஸ்விட்சைப் போடுகிறார். கொங்கு நாட்டுக்கு இது இயல்பான பிள்ளை. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது; 1937-ல் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு முயற்சியில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவாயிற்று என்பார்கள். நூல் மில்லையும் கிணற்றையும் ஓட்டியது சாமியையும் ஓட்டட்டுமே. இதையும் ட்ரிகரையும் சேர்த்துத் திட்டுவது நம் கலாசாரக் காவலர்களின் வழக்கம். இரண்டும் ஒன்றல்ல. மின்மேளத்துக்குக் காதே கிடையாது, ஆளும் வேண்டாம். ட்ரிகருக்கு அரைகுறையாகவேனும் ஒரு காது உண்டு. அடிக்க ஆள் இல்லாவிட்டால் அது ஊமை. ஆனால் பதிவு செய்த தாளத்தை ஒரே தட்டில் ஓடவிட்டுக் கைகட்டி நிற்கும் மேடைக்காரர், ட்ரிகரை மின்மேளமாகவே ஆக்கிவிடுகிறார்.

பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-ல் எலெக்ட்ரானிக் தம்புராவைச் செய்தார். கச்சேரி உலகம் அதை எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது! பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியவருக்காக யாரும் அழவில்லை. அழைப்பிதழில் அவர் பெயர் என்றைக்கு இருந்தது?

அழுபவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். கோயிலுக்குள் வாசித்தவரும் தெருவில் பறை அடித்தவரும் ஒரே ஆள் இல்லை. பறைக்காரருக்கு அது பிழைப்பு என்பதற்குமுன் ஊர்க்கட்டளை. சாவுக்கு அடிக்கமாட்டேன் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள், பறையைக் கொளுத்திவிட்டுப் போனவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருந்திருக்கிறார்கள். பிற்பாடு திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் போன்றோர் அதே பறையை விரும்பி எடுத்தார்கள். விரும்பி எடுப்பது, விட்டுவிடும் உரிமை கைக்கு வந்தபிறகே சாத்தியம். தோல் போய் ஃபைபர் வந்தது, தீ மூட்டிக் காய்ச்சும் வேலை போயிற்று என்று ரசிகர் வருந்தலாம். காய்ச்சுகிறவர் வருந்துகிறாரா என்று கேட்டுவிட்டு வருந்துவது நல்லது.

ட்ரிகர் தோலை நீக்கிவிட்டதால் சாதியையும் நீக்கிவிட்டது என்று ஒரு வாதம் உண்டு. நான் நம்பவில்லை. மேடையில் பேட் வாசிப்பவர் கலைஞர். அவர் தொடும் கட்டத்துக்குள் இருக்கும் பறைச் சத்தம் ஒரு ஸ்டூடியோவில் யாரோ ஒருவர் ஒரே நாள் அடித்துவிட்டுப் போனது. அந்த ஒரு நாள் கூலிக்குப் பிறகு, எத்தனை ஆயிரம் மேடைகளில் அவர் கை விழுந்தாலும் அவருக்குச் சேதி போவதில்லை.

கழிவிலிருந்து கட்டிய மேளத்தில் உள்ள ஒரே லாபம், எண்களை நாமே மாற்றலாம் என்பது. எல்லையைக் கீழே இறக்கினேன். லாரி கேட்கத் தொடங்கியது. வேஸ்ட் துணியை நாலு கிலோவாக்கியதும் லாரி அடங்கிற்று. காதைப் பொத்தும் நேரத்தைப் பாதியாக்கினேன். ஓங்கிய அடிகள் இரட்டித்தன. சிம்புக்குச்சி விளிம்பை ஒட்டி விழுகிறது. அதற்குத் தனியாக ஒரு வில்லையை விளிம்பில் ஒட்டி, தனிக் கம்பி இழுத்து, அதற்கென்று வேறு எல்லை, வேறு நேரம் வைக்கவேண்டியிருக்கிறது. இரண்டாவது வில்லை ஒட்டியாகிவிட்டது. நடு வில்லையின் அதிர்வு அதில் போய் ஏறாமல் இருக்கக் கொசுவலைக்கும் வளையத்துக்கும் இடையே ஹவாய் செருப்பு ரப்பரை நறுக்கிச் சொருகிக்கொண்டிருக்கிறேன்.